டீச்சருக்கு யார் டீச்சர்?

சங்கரன்கோவிலில் ஒரு டீக்கடை வைக்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் போக்குவரத்துத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் இடுப்பையும் முழங்காலையும் முதுகெலும்பையும் எட்டுப் பத்து வருடத்துக்குக் கையில் எடுத்துக்கொள்கிற நாட்டிய ஆசிரியைக்கு ஒரு துண்டுக் காகிதமும் தேவையில்லை. வீட்டு முன்கூடத்தை ஒழித்து, மூலையில் ஒரு நடராஜரை வைத்து, விஜயதசமிக்கு முந்தின வாரம் நோட்டீஸ் அடித்தால் வகுப்பு ரெடி. என் வகுப்பும் அப்படித்தான் தொடங்கியது.

சேர்க்க வருகிற பெற்றோர் மூன்று விஷயம் கேட்பார்கள். ஃபீஸ் எவ்வளவு, சர்டிபிகேட் உண்டா, எப்போது மேடையேற்றுவீர்கள். நான் எங்கே படித்தேன், யாரிடம் படித்தேன், இதற்கு முன்னால் யாருக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டவர்கள் அபூர்வம். தை மாதம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட ஓர் அம்மா, "ஆடித்தபசுக்குள்ள ஆட வச்சிருவீகளா டீச்சர்?" என்று கேட்டார். கோமதியம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்து சங்கரநாராயணர் காட்சியைப் பெற்ற ஊர் இது. அந்தத் தபசுக்குத்தான் வருடா வருடம் பன்னிரண்டு நாள் திருவிழா, ஊர் கொள்ளாத கூட்டம், கோயிலைச் சுற்றிவரும் ஆடிச்சுற்று எல்லாம். தவத்துக்குப் பேர் போன ஊரில் ஆறு மாதம் பொறுக்க ஆள் இல்லை. அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. முதல் பாடமான தட்டடவுக்கும் மேடைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நான் படித்தது அரசு இசைப்பள்ளியில். தமிழ்நாட்டில் 17 மாவட்டங்களில் கலை பண்பாட்டுத் துறை இந்தப் பள்ளிகளை நடத்துகிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று எல்லாமே மூன்று வருடப் படிப்பு. பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை சேரலாம். பரதத்துக்கு ஏழாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். தேவர்குளம், மானூர் வழியாக நெல்லைக்குப் போகிற பஸ்ஸில், ஆட்டத்தின் தாளச் சொற்களான சொற்கட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போய்வந்த காலம் அது. அந்தப் பள்ளிகள் இல்லையென்றால் எங்களைப் போன்ற வீட்டுப் பெண்களுக்குப் பரதம் எட்டியே இருக்காது. ஆடச் சொல்லிக்கொடுத்தார்கள், அதற்காகத்தான் அந்தப் படிப்பே.

ஆனால் படித்து முடித்து வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆடப்போவதில்லை, ஆசிரியராகத்தான் ஆகப்போகிறோம். தென்காசி மாவட்டத்தில் ஒரு நாட்டியக்காரி மேடைக் காசில் பிழைக்க முடியாது. கற்பிப்பதுதான் பிழைப்பு. அந்தத் தொழிலை எப்படிச் செய்வதென்று தெரிந்துகொள்ள நான் இன்னொரு கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

தட்டியது ஒரு வயதான நட்டுவனார் வீட்டுக் கதவை. திருநெல்வேலியில் மகள் வீட்டோடு வந்து இருந்தார். அவரை நாங்கள் 'மாஸ்டர்' என்றே சொல்வோம். அவர் வாழ்நாளில் மேடையில் ஆடியதே கிடையாது. இதை முதலில் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு யோசித்தால், அந்த மரபே அப்படித்தானே! அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று நாம் இன்று ஆடும் வரிசைக்கு உருவம் கொடுத்த தஞ்சை நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, சொற்கட்டுச் சொல்லித் தாளம் போட்டு ஆட்டுவிக்கும் நட்டுவாங்கம் செய்தவர்கள். ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், பாலசரஸ்வதியை உருவாக்கிய கந்தப்பா பிள்ளையும் பேர் வாங்கியது ஆட்டுவித்தே தவிர ஆடி அல்ல. ஆடுவது பெண்களின் தொழில், ஆட்டுவிப்பது நட்டுவனாரின் தொழில். நட்டுவனார் வீட்டுப் பையன் சின்ன வயதிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தட்டுக்கழியால் பலகையைத் தட்டுவான், சொற்கட்டுச் சொல்வான், எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது, அப்பா அங்கே என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே வளர்வான். அந்த வருடங்கள்தான் அவனுக்கு ஆசிரியர் பயிற்சி. சான்றிதழ் கிடையாது, ஆனால் பயிற்சி உண்டு.

பிறகு காலம் மாறியது. 1935-இல் ருக்மிணி தேவி மேடையேறினார், 1936-இல் அவருடைய கலாக்ஷேத்திரம் தொடங்கியது, 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. நாட்டியம் வீட்டுக் கூடத்திலிருந்து வகுப்பறைக்குப் போனது. பாடத்திட்டம், வருடக் கணக்கு, தேர்வு, பட்டயம் எல்லாம் வந்தன. யார் வீட்டுப் பெண்ணும் கற்கலாம் என்றானது, நான் கற்றதும் அதனால்தான். அந்த மாற்றத்தைப் பழித்துப் பேச எனக்கு வாய் வராது. கூடவே ஒன்று கைநழுவிப் போனது. ஆடுகிறவரே ஆசிரியர் என்றாகிவிட்டது. நன்றாக ஆடினால் நன்றாகக் கற்பிப்பார் என்று எல்லோரும் நம்பத் தொடங்கினோம். நட்டுவனார் வீட்டுப் பையன் பலகை பக்கத்தில் உட்கார்ந்து கற்ற அந்தத் தனிப் படிப்புக்கு ஈடாகப் பெரும்பாலான இடங்களில் எதுவும் வரவில்லை.

மாஸ்டரிடம் நான் கற்றது அதைத்தான். அவர் எனக்கு மேடையில் ஆட ஒரு புது உருப்படிகூடச் சொல்லித்தரவில்லை. கழியைக் கையில் கொடுத்து, இன்னொரு பிள்ளையை ஆட விட்டு, "அதோட காலப் பாக்காத, பாத்தா நீ அது பின்னால போயிருவ. காதால கேளு" என்பார். சொற்கட்டு வாயில், தாளம் கையில், கண் ஆடுகிற பிள்ளையின் முகத்தில். இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்காமல் நிற்க எனக்கு நாளாயிற்று.

இதன் அருமை தெரிந்தது ஸ்பீக்கர் வந்த பிறகுதான். இன்று பல வகுப்புகளில் நட்டுவாங்கமே கிடையாது. போனில் பாட்டு, புளூடூத்தில் சத்தம். டீச்சர் முன்னால் நின்று ஆட, பிள்ளைகள் பார்த்து ஆடுகிறார்கள். டீச்சருக்கு முதுகுப் பக்கம் என்ன நடக்கிறதென்று டீச்சருக்குத் தெரியாது. ஒரு பிள்ளை அடவை விட்டுவிட்டால் பாட்டு அதற்காக நிற்காது. பிள்ளை எதையாவது காலால் தட்டி ஒப்பேற்றிக்கொண்டு பாட்டைத் துரத்தும். துரத்தித் துரத்தி அந்தத் தப்பு காலில் குடியேறிவிடும். நட்டுவாங்கம் தெரிந்தவர் அந்த இடத்தில் சொல்லை நிறுத்துவார், மெதுவான முதல் காலத்துக்கு இறங்குவார், அந்த ஒரு கோர்வையை மட்டும் நாலு தரம் சொல்வார். என் வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா விசைத்தறித் தொழிலாளி. இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது பாதியில் மறித்து, "நூலு அறுந்தா தறிய நிப்பாட்டணும்லா டீச்சர், ஓட விட்டா துணி பூராம் போயிரும்லா" என்றார். நட்டுவாங்கத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் கேட்ட விளக்கங்களில் இதற்கு இணை இல்லை.

அடுத்தது அரைமண்டி. குதிகால் சேர்த்து, பாதம் இரண்டும் பக்கவாட்டில் திரும்பி, முழங்கால் வெளிப்பக்கம் மடங்கி, முதுகு நிமிர்ந்து உட்காரும் நிலை. பரதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. "உக்காரு, இன்னும் உக்காரு, கால விரி" என்று சொல்லித்தான் எங்களுக்கும் வந்தது. ஆனால் விரிய வேண்டியது பாதம் இல்லை. தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டுதான் திரும்ப வேண்டும். அந்த மூட்டு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு திரும்பாது. பிறவி அமைப்பு அப்படி. திரும்பாத இடுப்பை வைத்துக்கொண்டு டீச்சருக்குப் பயந்து பாதத்தை மட்டும் திருப்பினால் முழங்கால் உள்பக்கம் சரியும், பாதத்தின் உள்வளைவு தரையில் அமுங்கும். அந்தக் கோணலோடு தட்டடவு எட்டையும் மூன்று காலத்தில் தினமும் தட்டினால், பிள்ளை பத்தாம் வகுப்பு வருவதற்குள் முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும். அப்போது பெற்றோர் சொல்லும் காரணம், "டான்ஸு ஆடுனா அப்படித்தான் வலிக்கும்."

வலிக்கக் கூடாது. நான் செய்வது சின்னக் காரியம். பிள்ளைக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து, முழங்கால் சில்லிலிருந்து கண்ணாலேயே ஒரு நூல் விட்டுப் பார்ப்பேன். அது காலின் இரண்டாம் விரலுக்கு நேரே இறங்க வேண்டும். கட்டைவிரலுக்கு உள்ளே விழுந்தால் பாதத்தின் விரிவைக் குறைத்துவிடுவேன். அழகு கொஞ்சம் குறையும். இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்தால், அந்த மூட்டு அனுமதிக்கிற அளவுக்கு விரிவு தானாக வரும். எங்கள் வகுப்புத் தரை சிமென்ட் மேல் ஒட்டிய டைல்ஸ். வாடகை வீட்டில் பலகைத் தளம் போட முடியாது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்குக் குதித்து ஆடும் குதித்துமெட்டு அடவை எண்ணிக்கையில் குறைத்துத்தான் கொடுக்கிறேன். ஒரு இயன்முறை மருத்துவர் நடனக்காரர்களுக்கென்றே நடத்திய பயிலரங்கில் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு பகல், பல வருடங்களாகப் போய்வந்த மற்ற பயிலரங்குகள் எல்லாவற்றையும்விட உருப்படியானது.

மற்ற பயிலரங்குகள் என்றேனே, அவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாட்டிய ஆசிரியர்களின் 'தொழில் மேம்பாடு' என்ற பெயரில் ஊரூராக நடப்பதில் பெரும்பகுதி உருப்படி வியாபாரம். இரண்டு நாளில் ஒரு கீர்த்தனை அல்லது ஒரு தில்லானா, கூடவே பாட்டுப் பதிவு, கடைசியில் சான்றிதழும் குரூப் போட்டோவும். அடுத்த வாரமே டீச்சர் அதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். பந்தநல்லூர் பாணியில் ஒன்று, வழுவூர் பாணியில் ஒன்று, கலாக்ஷேத்திரப் பாணியில் ஒன்று என்று மூன்றும் ஒரே பிள்ளையின் காலில் வந்து இறங்கும். எதற்கு எந்த அடவு, ஏன் அந்தக் கை என்று யாரும் கேட்பதில்லை. டீச்சரின் கையிருப்பு கூடும். கற்பிக்கும் திறமை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதைவிட மோசம் சாதனை வியாபாரம். ஆயிரம் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி ஒரு பாட்டுக்கு ஆடவிட்டால் உலக சாதனை. பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம், உடை தனி, மெடல் உண்டு. வாட்ஸ்அப்பில் அழைப்பு வராத மாதம் இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் கொச்சி கலூர் மைதானத்தில் சுமார் பன்னிரண்டாயிரம் பேர் ஆடிய நிகழ்ச்சியில், மேடையிலிருந்து ஒரு சட்டமன்ற உறுப்பினர் விழுந்து பலத்த காயம் அடைந்த பிறகுதான் பாதுகாப்பு என்ன, வசூல் என்ன என்றெல்லாம் கேள்வி எழுந்தது. பன்னிரண்டாயிரம் பேரில் ஒரு பிள்ளையின் கை பதாகமா திரிபதாகமா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? இந்த அழைப்புகளுக்கு என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையையும் அனுப்புவதில்லை. சில பிள்ளைகள் வகுப்பு மாறிப் போனதுண்டு. போகட்டும்.

ஆசிரியரின் தகுதி என்ற பேச்சே நமக்குப் புதிது இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருடம் பயின்று பன்னிரண்டில் சோழன் முன்னால் ஆடப்போகிறாள் மாதவி. இளங்கோவடிகள் அவளை உடனே மேடைக்கு விடவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவராக நிறுத்தி, இவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி முடித்த பிறகுதான் அரங்கின் அளவுக்கே வருகிறார். ஆடலாசிரியனுக்கு அவர் சொல்லும் தகுதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒற்றைக் கை வர வேண்டிய இடத்தில் இரட்டைக் கை வந்துவிடாமல் விலக்கத் தெரிந்தவனாக அவன் இருக்க வேண்டுமாம். தவறு கண்டுபிடிக்கும் கண்ணைத்தான் கேட்கிறார்.

சம்பளத்துக்கும் பழைய கணக்கு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டில் கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வீட்டு வரிசையோடு இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது வருடத்துக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்தவருக்கு இரண்டு பங்கு. ஆட்டுவிப்பவருக்கு ஆடுபவரைப் போல இரட்டிப்பு! இன்று எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் மாதக் கட்டணம், ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடைக்குப் போய்வரும் செலவுக்குக் கீழே நிற்கிறது. அதிலும் ஆடி மாதம் லீவு என்று கழித்துக்கொள்வார்கள். இந்த வருமானத்தில் ஒரு டீச்சர் சென்னைக்குப் போய்த் தங்கிப் படித்துவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

கொரோனா ஊரடங்கு அந்த வகையில் எங்களுக்குச் செய்த உபகாரம் பெரிது. 2020-இல் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பெரிய ஆசிரியர்கள் ஜூமில் வகுப்பெடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஊர் ரத வீதியில் இருந்தபடியே ஜதி அமைப்புக் கணக்கும் அபிநய வகுப்பும் கிடைத்தன. அதே ஜூமில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது வேறு கதை. நான் சொல்லும் சொற்கட்டு அவர்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் அரை அட்சரம் பிந்திவிடும், அவர்கள் தட்டும் சத்தம் எனக்கு இன்னும் பிந்தி வரும். எல்லோரும் சேர்ந்து தாளத்தில் நிற்கவே முடியாது. கடைசியில் எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தானே சொற்கட்டுச் சொல்லித் தானே ஆட வேண்டும் என்று வைத்தேன். ஊரடங்கு முடிந்து வந்தபோது, அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள்கூட மூன்று காலத்திலும் பிசகாமல் சொன்னார்கள். அந்த முறையை இன்றும் விடவில்லை.

அப்படி ஒரு இணைய வகுப்பில் அறிமுகமானவர் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர். அங்கே தமிழ்ப் பள்ளிகளில் நடனம் ஒரு பாடம். சாதாரண தரம், உயர் தரம் வரை எடுத்துப் படிக்கலாம். பள்ளிக்கு வெளியே வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகத் தேர்வு வைத்து 'கலாவித்தகர்' வரை கொண்டுபோகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது தேர்வுகளைக் கேட்டு அல்ல. ஆசிரிய ஆலோசகர் என்று ஒருவர் பள்ளிக்கு வந்து, வகுப்பில் உட்கார்ந்து, கற்பிப்பதைப் பார்த்துக் குறை நிறை சொல்வாராம். எங்களுக்கும் லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வுகள் இருக்கின்றன, பல்கலைக்கழகப் பட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆடுவதைப் பார்க்கிற தேர்வுகள். நான் கற்பிப்பதை இதுவரை தகுதியுள்ள ஒருவர் வந்து உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச நமக்குக் கூச்சம். நாட்டிய வகுப்பு என்பது ஆசிரியர் பிள்ளையின் உடம்பைத் தொட்டுத் திருத்தும் இடம். குருவுக்கு எதிர்த்துப் பேசக் கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளை அங்கே நிற்கிறது. 2023-இல் கலாக்ஷேத்திரத்தில் மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார்களோடு போராட்டத்தில் உட்கார்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஓர் உதவிப் பேராசிரியர் கைதானார், விசாரணைக் குழு அமைந்தது. நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனத்திலேயே புகார் சொல்ல வீதிக்கு வர வேண்டியிருந்தது என்றால், முன்கூடத்தில் நடக்கும் வகுப்பில் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நாட்டிய வகுப்பில் கணுக்காலைப் பார்த்துக் கழி வீசுவதை இன்னமும் 'குருகுலக் கண்டிப்பு' என்று பெருமையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பில் கழி பலகையைத் தட்டுவதற்கு மட்டும். தொட்டுத் திருத்த வேண்டுமானால் கேட்டுவிட்டுத் தொடுவேன். கதவு எப்போதும் திறந்திருக்கும்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது பள்ளியிலிருந்து போன் வரும்: "டீச்சர், ஒரு குரூப் டான்ஸ் போட்டுக் குடுங்க." போய்ச் செய்துகொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகளின் வேகத்தைப் பார்த்தால், இந்த ஊரில் நாட்டியத்துக்கு ஆள் பஞ்சம் இல்லை என்பது தெரியும். பஞ்சம் இருப்பது கற்பிக்கப் பழகிய ஆசிரியர்களுக்குத்தான்.

அதனால் அரசிடம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பட்டம் வேண்டாம். இசைப்பள்ளிகள் இருக்கின்றன, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயது தாண்டி ஏற்கெனவே ஊரில் வகுப்பு நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். நட்டுவாங்கம் சொல்லிக்கொடுங்கள், ஒரு இயன்முறை மருத்துவரைக் கூப்பிடுங்கள், குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துக் காட்டுங்கள், எங்களை ஒருவர் மாற்றி ஒருவர் வகுப்பெடுக்கவிட்டுத் தவறைச் சொல்லுங்கள். பஸ் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சர்டிபிகேட்டைக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் வகுப்புக்குள் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு பிள்ளை தடுமாறினால் பாட்டு நிற்கிறதா, பின்வரிசைப் பிள்ளையின் பக்கம் டீச்சரின் கண் போகிறதா என்று பாருங்கள். இப்போதும் நீங்கள் யாரிடமாவது கற்கிறீர்களா என்று கேளுங்கள். உட்கார விடாத வகுப்பாக இருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுங்கள்.